பதினைந்தாவது வகை

மாலை வகுப்பின் முதல் நாள் என் நோட்டில் எழுதிக்கொண்டது இவ்வளவுதான்: 'இசை பதினான்கு வகைப்படும். பதினைந்தாவது இல்லை.' சரியாகத்தான் எழுதினேனா என்று சந்தேகம் வந்து, கையைத் தூக்கிப் புஷ்பலதா மேடத்திடம் கேட்டேன். "சரிதான். அடியில கோடு போட்டுக்கங்க" என்றார். ஒரு கோடு போதுமா என்று தெரியாததால் இரண்டு போட்டேன்.

சேர்வராயன் மலை இசை வகைப்பாட்டு ஆணையம் பிறந்த கதை ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையில் நடந்த ஒரு விழாவில், சிறப்பு விருந்தினர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "இது என்ன மாதிரிப் பாட்டு?" என்று கேட்டிருக்கிறார். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டதாகத்தான் இருக்கும். மேடையில் இருந்த பதினோரு அதிகாரிகளும் பதினோரு பதில் சொன்னார்கள். மூன்றாம் மாதம் ஆணையம் வந்துவிட்டது. இனி மலையில் எங்கே பாட்டு ஒலித்தாலும் அது என்ன வகை என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஆளிடம் சான்றிதழ் இருக்க வேண்டும். நான் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் விடுதிக்கும் நோட்டீஸ் வந்தது. மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார். நோட்டும் பேனாவும் வைத்திருந்த ஒரே ஆள் நான். "சௌமியா, நீ போயிட்டு வந்திரு" என்றார்.

நான் மறுக்காமல் போனதற்குக் காரணம் வேறு.

என் போனில் ஒரு பதிவு இருந்தது. இரண்டு நிமிடம், பதினோரு நொடி. என் அம்மா கனகா மஞ்சக்குட்டைக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். புதுப்போன் சரியாகப் பதிவு செய்கிறதா என்று பார்க்க நான் பட்டனை அழுத்தினேன். அம்மா பறித்துக்கொண்டே ஏதோ பாடினார். பாதி வார்த்தை, பாதி முனகல். நடுவில் நிறுத்தி, "பஸ்ஸு வந்திருச்சா கண்ணு?" என்று கேட்டார். "இன்னும் இல்லம்மா" என்று நான் சொல்வதும் அதில் இருக்கிறது. மறுபடி விட்ட இடத்திலிருந்து பாடினார். பழம் பக்கெட்டில் விழும் சத்தம். கடைசியில் ஓர் இருமல். அவ்வளவுதான்.

அடுத்த தை மாதம் அந்த இருமல் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். அது என்ன பாட்டு என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்கலாம், அவசரமில்லை என்று நினைத்திருந்தேன். பிறகு எஸ்டேட்டில் கூட வேலை செய்த பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். "கனகா பாடுவாளா?" என்று ஆச்சரியப்பட்டார்கள். எந்தப் பாட்டு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வகைகளைப் பிரித்தறியப் படித்தால் ஒருநாள் அதையும் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு மாலை ஐந்தரைக்கு, ஆணையத்தின் மாடியில். வாசலில் ஒரு மரப்பெட்டி இருந்தது. போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வகை தெரியாத இசை எதையும் கட்டடத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று மேலே எழுதி ஒட்டியிருந்தது.

உள்ளே ஆள் உயரத்துக்கு ஒரு ஒலிபெருக்கி நின்றது. துணி போட்டு மூடி, கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சையத் இப்ராஹிம். பஸ் ஸ்டாண்டு பக்கம் தைலமும் மிளகும் விற்பவர். கடையில் பாட்டுப் போட்டதற்காக இரண்டு முறை எச்சரிக்கை வாங்கியவர்.

"ஏனுங் மேடம், அதை எப்பங்க தொறப்பீங்க?" என்று கேட்டார்.

"அதுல பாட்டுப் போடணும்னா வகைச் சான்று வேணும். சான்று குடுக்கிற அலுவலர் பதவி காலியா இருக்கு" என்றார் புஷ்பலதா மேடம்.

"அப்பறம் நாங்க பாட்டு எப்படிங்க கேக்கறது?"

"கேட்கத் தேவையில்லைங்க. கேட்டாத்தான் குழப்பம் வரும். எனக்கு இந்த வேலை கிடைச்சதுல இருந்து நான் ஒரு பாட்டும் கேட்கிறதில்ல. அதனாலதான் என்னால தெளிவா நடத்த முடியுது."

இதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்குப் புரியாத எதையும் நான் முழுதாக எழுதிவிடுவேன். புரிந்ததைத்தான் விட்டுவிடுவேன்.

பாட்டை விட்டுவிட்டு, கேட்பவரைப் பார்த்து வகையை அறிவதுதான் ஆணையத்தின் முறை. கேட்பவர் தலை பக்கவாட்டில் ஆடினால் கர்நாடகம். மேலும் கீழும் ஆடினால் ராக். கண்ணை மூடி மெல்ல ஆடினால் கஜல். மூடிய கண்ணோடு கையும் குவிந்திருந்தால் பக்தி. தோள் மட்டும் குலுங்கினால் கானா. கால் ஆடினால் நாட்டுப்புறம். யாரும் எதையும் ஆட்டாமல் விலை உயர்ந்த சட்டையோடு உட்கார்ந்திருந்தால் மேற்கத்திய செவ்வியல். புஷ்பலதா மேடம் ஒவ்வொன்றையும் செய்து காட்டுவார். நாங்கள் முப்பது பேரும் சத்தமே இல்லாமல் தலையை ஆட்டிப் பழகுவோம். கீழே டீக்கடையில் இருந்து பார்த்தவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

இப்ராஹிமுக்குத் தலை எந்தப் பக்கமும் ஒழுங்காக ஆடவில்லை. "கழுத்துல தேய்மானங்க. ஜாஸ் வரைக்கும் வருது, அதுக்கு மேல வலிக்குது" என்றார். மேடம் அவருக்கு ஆப்சென்ட் போட்டார்.

ஐந்தாம் வாரம் களப்பயிற்சி. ஆணையத்தின் உறுப்பினர் செயலர் சின்னசாமி சாரே ஜீப்பில் கூட வந்தார். சேலத்திலிருந்து ஏறி வரும் வண்டிகளை முதலில் சோதித்தோம். கொண்டை ஊசி வளைவில் வகை மாற்றம் கூடாது என்பது விதி. ஒரு வேன் ஓட்டுநர் வளைவின் நடுவே பக்திப் பாட்டு முடிந்து குத்துப் பாட்டு தொடங்கியதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொடுத்தார். "பாட்டு முடிஞ்சா நான் என்னங்க பண்ணட்டும்? வளைவு முடியலீங்களே" என்றார். அதையும் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு தலைச்சோலைக்குப் போனோம். அங்கே பறைச் சத்தம் கேட்டது. ஒரு வீட்டின் முன்னால் பெரியவர் ஒருவரை நாற்காலியில் மாலையோடு உட்கார வைத்திருந்தார்கள். அன்று காலை இறந்தவர். சின்னசாமி சார் செருப்பைக் கழற்றிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "இது என்ன வகை?" என்று கேட்டார்.

அடித்தவர்கள் நிறுத்தினார்கள். "சாவு மேளமுங்க" என்றார் ஒருவர்.

"அது பதினாலுல இல்ல. உங்க கால் ஆடுது, அப்ப நாட்டுப்புறம். நாட்டுப்புறத்துக்கு நோக்கம் எழுதணும்."

படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: மகிழ்ச்சி, பொழுதுபோக்கு, சுற்றுலா. படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு. இறந்தவரின் மகள் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அழுதழுது அவருக்குக் குரல் போயிருந்தது. "எதுல கையெழுத்துப் போடோணும் சாமி? சீக்கிரம் சொல்லு, அப்பனை எடுக்கோணும்" என்று என்னிடம் கேட்டார்.

மூன்று கட்டங்களையும் பார்த்தேன். எது குறைவான பொய் என்று யோசித்தேன். சுற்றுலாவில் டிக் போட்டேன். அவர் கையெழுத்திட்டார். மேளம் மறுபடி தொடங்கியது. திரும்பி வரும்போது சின்னசாமி சார், "நல்லா பண்ணினீங்க. மனிதாபிமானம் வேற, படிவம் வேற. ரெண்டையும் ஒரே ஆள் செய்யறதுதான் தப்பாப் போகுது" என்றார். அன்றைக்கு நோட்டில் தேதியை மட்டும் எழுதினேன்.

ஏழாம் வாரம் அறிவிப்பு வந்தது. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் இசை மாதிரி கொண்டுவர வேண்டும். ஆணையத்தின் வல்லுநர் குழு அதைக் கேட்டு, வகையை முடிவு செய்து, சான்றோடு திருப்பித் தரும். இதற்காகத்தானே வந்தேன்! மாதிரியை மெமரி கார்டில் போட்டுக்கொண்டுபோனேன். கூடவே ஓர் உறுதிமொழி கேட்டார்கள்: 'இது மூலப்பிரதி என்றும், இதற்கு வேறெங்கும் நகல் இல்லை என்றும் உறுதியளிக்கிறேன்.' நகல் இருந்தால் ஒரே பாட்டுக்கு இரண்டு இடத்தில் இரண்டு வகை வந்துவிடும் அபாயம் உண்டாம்.

இப்ராஹிம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவர் போனில் அதே பாட்டு நான்கு முறை இருந்தது.

நான் படித்தேன். பொய்யாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு அம்மாவின் பாட்டுக்கு வரும் சான்றும் பொய்யாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அனுமதி கேட்டு வாசலுக்குப் போய், மரப்பெட்டியில் இருந்து போனை எடுத்து, பதிவை அழித்தேன். அழித்தவை முப்பது நாள் தங்கும் என்று தெரியும். அந்தப் பகுதிக்கும் போய் அங்கேயும் அழித்தேன். பிறகு வந்து கையெழுத்துப் போட்டேன். உறுதிமொழி உண்மையாகிவிட்டது. கார்டை ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

"அழிச்சுப்போட்டயா?" என்றார் இப்ராஹிம். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அரக்கு வைத்த உறையைத் திரும்பிப் பார்த்தேன். "ஏன் கண்ணு, உன்னை யாரு அத்தனை நெசமாக் கையெழுத்துப் போடச் சொன்னது?"

தேர்வில் நான் முதலாவதாக வந்தேன். பதினான்கு தலையசைப்புகளையும் பிழையில்லாமல் ஆடிக் காட்டினேன். சான்றிதழை மேனேஜர் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். எல்லோருடைய மாதிரியும் திரும்பி வந்தது. இப்ராஹிம் தேர்வில் தோற்றும், அவருடைய மாதிரிக்கு 'திரையிசை' என்று முத்திரை விழுந்திருந்தது. என்னுடையது மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் வாரம் சின்னசாமி சார் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் வல்லுநர் அறிக்கை இருந்தது. வல்லுநர்கள் மூன்று பேர். ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால், பதிவை ஒருவர் வீட்டில் கேட்டு எழுதி அனுப்ப, மற்ற இருவரும் அவர் எழுதியதைப் படித்து முடிவு சொல்லியிருந்தார்கள்.

முதலாமவர்: 'கண்ணு என்ற விளி வருவதால் தாலாட்டு. ஆனால் குழந்தை விழித்திருந்து பதில் சொல்வதால் தாலாட்டு நிறைவேறவில்லை.' இரண்டாமவர்: 'பழம் விழும் ஓசை தாளமாகிறது. எனவே தொழிற்பாடல். ஆனால் தொழிற்பாடலுக்குக் குறைந்தது நான்கு பேர் தேவை. இங்கே ஒருவர்தான்.' மூன்றாமவர்: 'பேருந்து குறிப்பிடப்படுகிறது. போக்குவரத்துத் துறையைக் கலந்தாலோசிக்கலாம். இறுதியில் வரும் இருமல் எந்த வகையிலும் அடங்காது.'

"முடிவு என்னங்க சார்?" என்று கேட்டேன்.

"எந்த வகையும் இல்ல."

"பரவாயில்லீங்க. வகை இல்லாமலே திருப்பிக் குடுத்திருங்க."

அவர் கோபப்படவில்லை. அவர் எப்போதும் பொறுமையானவர். "பாரும்மா. இந்த மலையில இருக்கிற எல்லா இசையையும் வகைப்படுத்தத்தான் ஆணையம். வகைக்குள்ள வராத பாட்டுன்னு ஒண்ணு இருந்தா, அப்புறம் ஆணையம் எதுக்குன்னு கேள்வி வரும். ஆணையம் இருக்கு. அதனால அப்படி ஒரு பாட்டு இல்ல. இல்லாத பொருளை நான் எந்த ரிஜிஸ்டர்ல எழுதித் திருப்பித் தர்றது, நீயே சொல்லு?"

"அது எங்க அம்மா குரலுங்க."

"இருக்கலாம். குரல் நம்ம அதிகாரத்துல வராது" என்றார். பிறகு கையேட்டைத் திருப்பி முப்பத்தொன்றாம் பக்கத்தைக் காட்டினார். வகையறியா மாதிரிகள் ஒப்படைத்த தொண்ணூறாம் நாள் அழிக்கப்படும். அன்று அறுபத்தெட்டாம் நாள்.

நான் முப்பதாம் பக்கம் வரை படித்திருந்தேன். முப்பத்தொன்று பிற்சேர்க்கை என்று இருந்ததால் அப்புறம் படிக்கலாம் என்று விட்டிருந்தேன்.

அன்று வாடகை ஜீப்பில் மஞ்சக்குட்டைக்குத் திரும்பும்போது, அந்தப் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் ராகம் வேறெங்கோ போய்விட்டது. நான் பழகிய பதினான்கு வகைகளும் வந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. என் தலை பக்கவாட்டில் ஆடியது. "பஸ்ஸு வந்திருச்சா கண்ணு?" மட்டும் தெளிவாகக் கேட்டது. பாட்டு நினைவிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. கடைசிப் பகுதி இசையைப் பற்றியது அல்ல. 'சத்தப் பிரிவு' என்று தலைப்பு. வகுப்பில் நடத்தாத பகுதி. விதி ஒன்பது: சத்தம் குறித்த புகார் நிலுவையில் உள்ளவரை, அச்சத்தத்தின் பதிவை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. விதி பதினொன்று: ஒவ்வொரு விசாரணையிலும், சத்தம் மாறாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்ய, பதிவை ஒரு முறை முழுவதும் ஒலிக்கச் செய்ய வேண்டும். அதன் கீழே சின்ன எழுத்தில்: சத்தத்துக்கு வகைச் சான்று தேவையில்லை.

இப்ராஹிமின் கடைக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் தைலப் பாட்டிலைத் துடைப்பதை நிறுத்தினார்.

"அப்படின்னா நீ யாரு மேல புகார் குடுக்கோணும்?"

"எங்க அம்மா மேலீங்க."

கடைக்குள் இருந்த அவர் மனைவி மைமூன் வெளியே வந்து, "பெத்தவ மேலயா? வேண்டாம் பாப்பா" என்றார். "வேற வழி இருந்தா அதைச் செய்ய மாட்டாளா?" என்றார் இப்ராஹிம். அவர்தான் புகார் மனுவுக்குப் பேனா கொடுத்தார்.

எழுத நொம்ப நேரமானது. 'தொல்லை தரும் சத்தத்தின் தன்மை' என்ற இடத்தில் 'பாட்டு' என்று எழுதி, அப்படி எழுதினால் மனு திரும்பிவிடும் என்று அடித்துவிட்டு, 'ஒரு பெண்ணின் குரல்' என்று எழுதினேன். 'உமக்கு ஏற்பட்ட பாதிப்பு': தூக்கம் வருவதில்லை. 'எத்தனை காலமாக': இரண்டு வருடமாக. 'எதிர்மனுதாரர் பெயர்': கனகா. 'எதிர்மனுதாரரின் தற்போதைய முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொய் எழுத எனக்கு வராது. கடைசியில் 'தெரியாது' என்று எழுதினேன். உயிரோடு இருக்கிறாரா என்று படிவத்தில் எங்கேயும் கேட்கவில்லை.

சின்னசாமி சார் மனுவைப் படித்துவிட்டு முதல் முறையாகச் சிரித்தார். "இதைத்தான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். பாட்டுன்னு சொல்லி எங்களை எவ்வளவு கஷ்டப்படுத்திட்டே! சத்தம்னா எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்ல." எண்பத்தோராம் நாளுக்கு விசாரணை போட்டார்.

வகுப்பு நடந்த அதே அறை. போன் வழக்கம்போல் மரப்பெட்டியில். ஒலிபெருக்கியின் அரக்கை உடைத்து, கயிற்றை அவிழ்த்து, துணியை எடுத்தார்கள். புஷ்பலதா மேடம்தான் கார்டைப் போட்டார். அந்தக் கட்டடத்தில் அதுவரை ஒரு பாட்டும் ஒலித்ததில்லை. கரகரவென்று ஏதோ வந்தது. பிறகு ஒரு பழம் பக்கெட்டில் விழுந்தது.

அம்மா பாடினார்.

ஆள் உயரத்துக்கு, அறை முழுவதும் அம்மா. இரண்டாவது வரி நான் ஜீப்பில் நினைத்தது போல இல்லவே இல்லை. நான் மேடத்தைப் பார்த்தேன். பிறகு சின்னசாமி சாரை, எழுத்தரை, அட்டெண்டர் அருண்குமாரை. எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். விலை உயர்ந்த சட்டை யாரும் போட்டிருக்கவில்லை. ஒருவர் தலைகூடப் பக்கவாட்டில் ஆடவில்லை, மேலும் கீழும் ஆடவில்லை. "பஸ்ஸு வந்திருச்சா கண்ணு?" என்று அம்மா கேட்டபோது, அருண்குமார் தன்னை அறியாமல் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். இருமல் வந்தது. முடிந்தது. மேடம் ஒலிபெருக்கியை அணைக்க மறந்து நின்றார். அது கொஞ்ச நேரம் சும்மா இரைந்துகொண்டிருந்தது.

சின்னசாமி சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சத்தம் மாறாம இருக்கா?"

"மாறாம இருக்குதுங்க."

"இந்தச் சத்தம் நிறுத்தப்படணும்னு கேட்கிறீங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருந்தேன். ஆமாம் என்றால் அன்றே தீர்ப்பாகிவிடும், பதிவை அழித்துவிடுவார்கள். இல்லை என்றால் புகார் தள்ளுபடியாகும், அப்போதும் அழிப்பார்கள்.

"எதிர்மனுதாரர் வந்து அவங்க தரப்பைச் சொல்லட்டுங்க சார். அதுவரைக்கும் காத்திருக்கறேன்."

"நியாயம்" என்றார் அவர். விதி பன்னிரண்டைப் பார்த்தார். அதன்படி எதிர்மனுதாரரை வாசலில் நின்று மூன்று முறை பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த மாதம் இதே போல மறுபடி.

அருண்குமார் கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போனார். வெளியே பனிமூட்டம் படிக்கட்டு வரை வந்திருந்தது.

"கனகா!" என்று கூப்பிட்டார்.

கீழே டீக்கடையில் பேச்சு நின்றது.

"கனகா!"

மூன்றாவது முறை அவர் குரல் இறங்கியிருந்தது. சொந்தக்காரரைக் கூப்பிடுவது போல இருந்தது. "கனகாம்மா..."

பிறகு கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து நின்றார். சின்னசாமி சார் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுத்தர் பேனாவை மூடினார். பத்து நிமிடமும், ஆணையம் முழுவதும், திறந்திருந்த கதவைப் பார்த்து அம்மாவுக்காகக் காத்திருந்தது.